திறக்க முடியாத டார்ச்

12.8.2012
இராஜாக்கமங்கலம் பக்கம்

டார்ச் கம்பெனியின் சேவைப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டி எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். எனக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதுவேன். கடிதம் நீளமாக இருந்தால் மன்னிக்கவும். உங்கள் உத்தரவாத அட்டையில் ‘குறையை விவரமாக எழுதவும்’ என்று போட்டிருக்கிறது.

எங்கள் அப்பா பெயர் கபிரியேல். கட்டுமரத்தில் தனியாகத் தூண்டிலுக்குப் போகிறவர். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் கோட்டாற்றில் உங்கள் சார்ஜ் டார்ச்சை வாங்கினார். மஞ்சள் நிறம். தண்ணீர் புகாது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா உண்டு. அதுவரை அவரிடம் இருந்தது மூன்று செல் போடும் தகர டார்ச். அதற்கு அடிக்கடி வேளாங்கண்ணி மாமி கடையில் செல் வாங்க வேண்டும். இனி அந்தத் தொல்லை இல்லை என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

அம்மா மட்டும் சிரித்தாள். “கரண்டே இல்லாத ஊர்ல சார்ஜ் டார்ச்சா? நல்ல ஆளைப் பாத்து வித்திருக்கான்.”

“ஏட்டி குளோரி, உள்ள கரண்டு போதும். நான் என்ன ஊருக்கா விளக்கு பிடிக்கப் போறேன்?” என்றார் அப்பா.

ஜூன் கடைசியில் ஒரு நாள் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. கட்டுமரமும் கிடைக்கவில்லை. சில நாட்கள் கழித்துப் பக்கத்து வீட்டு ஞானதாசன் மாமாவின் வலையில் உங்கள் டார்ச் மட்டும் வந்தது. அது எரியவில்லை. அம்மா அதைத் துடைத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஜூலை மாதம் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், யாரும் தொடாமலே அது மூன்று தடவை மின்னியது. அணைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் மூன்று தடவை. நான் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். அது கேட்கவில்லை.

அதன் பிறகு சில நாள் மின்னும், சில நாள் மின்னாது. மின்னினால் அம்மா அந்தப் பழைய தகர டார்ச்சை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிடுகிறாள். முதலில் கரையில்தான் நின்றாள். பிறகு முழங்கால் தண்ணீர். போன வியாழக்கிழமை இடுப்பளவுக்குப் போய்விட்டாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. இறந்தவர்களுக்கான பூசையும் அப்பாவுக்கு வைக்க விட மாட்டேன் என்கிறாள்.

தகர டார்ச்சாக இருந்தால் பின்மூடியைத் திருகி செல்லை எடுத்துவிடுவேன். செல் வெளியே வந்துவிட்டால் அது வெறும் குழாய்தான். உங்கள் டார்ச்சில் திருகுவதற்கு மூடியே இல்லை. எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன். இதை எப்படி அணைப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
க. ஜெமி


27.8.2012
பெங்களூர்

திருமதி ஜெமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம்.

எங்கள் சார்ஜ் டார்ச்சின் பேட்டரி உள்ளேயே பொருத்தி மூடப்பட்டது. நீர் புகாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டுள்ளது. பயன்படுத்துபவர் அதைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. திறந்தால் உத்தரவாதம் செல்லாது. டார்ச்சை அதனுடன் கொடுக்கப்பட்ட சார்ஜரில் மட்டும் இடைவிடாமல் எட்டு மணிநேரம் வைக்கவும். அதன் பிறகும் குறை நீடித்தால் டார்ச்சை எங்கள் முகவரிக்கு அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
ச. தாணுலிங்கம்
சேவைப் பிரிவு

(மேலே உள்ளது அலுவலகக் கடிதம். நான் கோட்டாற்றில் பிறந்தவன். தமிழில் வரும் கடிதங்களை இங்கே என்னிடம்தான் கொடுப்பார்கள். உங்கள் பக்கத்துக் கடல் காலம் தெரியாமல் பொங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கவனமாக இருங்கள்.)


3.9.2012

மதிப்பிற்குரிய தாணுலிங்கம் சார் அவர்களுக்கு,

நான் திருமதி இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன்.

எட்டு மணிநேரம் இடைவிடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் கரண்ட் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்து நான் இந்த வருடம் பார்க்கவில்லை. அப்பாவும் பாதி சார்ஜில்தான் எடுத்துக்கொண்டு போவார்.

அது போகட்டும். நான் கேட்டது எரியவைக்க அல்ல, அணைக்க. அதை நீங்கள் கவனிக்கவில்லை.

அம்மாதான் யாருக்கும் தெரியாமல் சார்ஜ் போடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால் சார்ஜரை எடுத்து என் புத்தகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிறகுதான் டார்ச்சின் சார்ஜர் துளையைப் பார்த்தேன். உப்பும் துருவும் அடைத்துக் கல்லாகிக் கிடக்கிறது. ஊசிகூட இறங்கவில்லை. ஞானதாசன் மாமாவின் போன் சார்ஜரை வைத்துப் பார்த்தேன், அதன் முனை வேறு மாதிரி. உங்கள் சார்ஜரைத் தவிர வேறு எதுவும் இதற்குச் சேராது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறீர்கள். ஆகவே யாரும் சார்ஜ் போடவில்லை என்பது உறுதி.

பெட்டியைப் பூட்டிய பிறகும் இரண்டு நாள் மின்னியது.

வேளாங்கண்ணி மாமி வந்து பார்த்துவிட்டு, “இத எங்கயாவது தூரக் கொண்டு போட்டுட்டு வா மக்கா” என்று என் காதில் சொன்னாள். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

“ஒனக்க மாப்பிள்ள வெளிநாட்டில இருந்து போன் போட்டா நீ போனத் தூரப் போடுவியா?” என்றாள்.

“போனு பேசும் குளோரி. இது பேசுதா?”

“பேசுதுதானே. மூணு தடவ.”

மாமி கிளம்பினாள். போகும்போது மூன்று புது செல்லை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தகர டார்ச்சுக்கு. எனக்கு மாமியின் மேல் கோபமாக வந்தது.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, சார்ஜ் இல்லாமல் எப்படி எரிகிறது? இரண்டு, ஏன் சரியாக மூன்று தடவை?

இப்படிக்கு,
க. ஜெமி


14.9.2012

அன்புள்ள ஜெமிக்கு,

அலுவலகத் தாளில் எழுதாமல் இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். திருமதி என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன் கையெழுத்தும் நீ எழுதுகிற முறையும் பெரியவர்களுடையதைப் போல இருந்தன.

முதல் கேள்விக்குப் பதில். தீர்ந்துபோன பேட்டரி சும்மா கிடந்தால் கொஞ்சம் தெம்பு பிடிக்கும். தானாக அணைந்துபோன போனைச் சற்று நேரம் கழித்து அமுக்கினால் ஒரு நிமிடம் உயிர் வருவதைப் பார்த்திருப்பாய். அதுபோலத்தான் இதுவும். உப்புத் தண்ணீரால் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். தெம்பு வரும்போதெல்லாம் மின்னும், பிறகு ஓயும். நாளாக ஆகக் குறைந்து நின்றுபோகும். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல். பயப்பட ஒன்றும் இல்லை.

அதே மாடல் டார்ச் ஒன்றை முழுதாகத் தீரவிட்டு என் மேஜையில் வைத்திருக்கிறேன். அது எத்தனை நாள் மின்னுகிறது என்று பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்பது சரியா என்று தெரியவில்லை. அப்பா திரும்பாத அன்று, கரையிலிருந்து யாராவது அந்த டார்ச்சின் வெளிச்சத்தைப் பார்த்தார்களா?

அன்புடன்,
தாணுலிங்கம்


22.9.2012

மதிப்பிற்குரிய சார்,

பார்த்தோம். நானும் அம்மாவும், இன்னும் பல பேரும் பார்த்தோம்.

நீங்கள் கோட்டாற்றுக்காரர் என்றாலும் கடற்கரை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். இருட்டிய பிறகு திரும்புகிற மரம், அலை உடைகிற இடத்துக்கு வெளியே நின்று மூன்று தடவை வெளிச்சம் காட்டும். ‘வருகிறேன்’ என்று அர்த்தம். கரையில் நிற்கிற அந்த வீட்டுக்காரர் ஒரே தடவை, நீளமாக, வெளிச்சம் காட்ட வேண்டும். ‘வா’ என்று அர்த்தம். அதைப் பார்த்துத் திசை பிடித்து மரம் உள்ளே வரும். ஆபத்து என்றால் வெளிச்சத்தை வட்டமாகச் சுற்றுவார்கள். வட்டத்தைக் கண்டால் கரையில் இருக்கிற எல்லோரும் உதவிக்குக் கடலில் மரம் இறக்கிவிடுவார்கள். சண்டைக்காரர்களும் இறக்குவார்கள்.

அன்று கடல் காலையில் அமைதியாகத்தான் இருந்தது. இருட்டும்போது காற்று மாறிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்பாவைக் காணவில்லை என்று ஞானதாசன் மாமா மரத்தைத் தண்ணீர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அப்போது தூரத்தில் மூன்று வெளிச்சம் தெரிந்தது.

“அதா வாறான் லே! மரத்த கரைக்கு ஏத்து!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தகர டார்ச்சை நீளமாகக் காட்டினாள். மறுபடியும் மூன்று வந்தது. அம்மா மறுபடியும் காட்டினாள். மறுபடியும் மூன்று.

“குளோரி, ஒனக்க மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் பாத்தியா? விடாம சொல்லுதான்” என்று வேளாங்கண்ணி மாமி கேலி செய்தாள். அம்மா என்னைப் பார்த்து, “அப்பாக்குப் பசி வந்திருக்கும். நீ போய் குழம்பச் சூடாக்கு மக்கா” என்றாள். நான் போய்ச் சூடாக்கினேன். திரும்பி வந்தபோது வெளிச்சம் நின்றுவிட்டிருந்தது. சார்ஜை மிச்சம் பிடிக்க அணைத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. நானும் அம்மாவும் நின்றுகொண்டே இருந்தோம்.

பிறகு மரங்கள் இறங்கின. அப்போது விடிந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு முழுதாகப் பதில் எழுதிவிட்டேன். என்னுடைய இரண்டாவது கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஏன் மூன்று?

க. ஜெமி


8.10.2012

அன்புள்ள ஜெமிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டார்ச்சை உடனே பார்சலில் அனுப்பிவிடு. செலவைக் கம்பெனி ஏற்கும். அதற்குப் பதிலாகப் புது டார்ச் அனுப்பச் சொல்கிறேன். செல் போடும் மாடலே வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது.

அம்மாவைத் தனியாக விடாதே.

தாணுலிங்கம்


14.10.2012

தாணுலிங்கம் சார் அவர்களுக்கு,

எங்களுக்குப் புது டார்ச் வேண்டாம். நான் புது டார்ச் கேட்கவில்லை.

அம்மா அதைத் தரமாட்டாள். படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். நான் எடுக்கப் போனபோது முதல் தடவையாக என்னைத் தள்ளிவிட்டாள். பிறகு அழுதாள்.

நாளாக ஆகக் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். குறையவில்லை. இப்போது அநேகமாக எல்லா நாளும் வருகிறது. உங்கள் மேஜையில் வைத்த டார்ச் என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவே இல்லை. அது நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் எழுதியிருப்பீர்கள்.

நேற்று டியூஷன் முடிந்து வருவதற்குள் டார்ச் மின்னியிருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடி நனைந்திருந்தது. தலைமுடி, சார். ஞானதாசன் மாமாதான் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவரும் நனைந்து நின்றார். “மக்கா, நான் எல்லா நாளும் இங்ஙன இருக்க முடியுமா?” என்று என்னிடம் கேட்டார்.

உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. போன கடிதத்தில் நீங்கள் எழுதியது மிகவும் குறைவு, அதில்தான் எனக்கு அது தெரிந்தது. என்னைச் சின்னப் பெண் என்று நினைத்து மறைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது பெரியவர் என்று இருப்பது நான்தான்.

ஏன் மூன்று?

ஜெமி


19.10.2012

அன்புள்ள ஜெமி,

இதை நான் எழுதியிருக்கக் கூடாது என்று பிறகு நினைப்பேன். எழுதாவிட்டாலும் அப்படித்தான் நினைப்பேன்.

செல் போடும் டார்ச்சில் செல் தீரத் தீர வெளிச்சம் மங்கும். அதைப் பார்த்தே கையில் வைத்திருப்பவர் தெரிந்துகொள்வார். மங்கினாலும் அது அவர் கைக்குக் கட்டுப்படும். இந்த மாடலில் அப்படி இல்லை. கடைசி வரை ஒரே பிரகாசம். பேட்டரி தீரும் தறுவாயில் உள்ளே இருக்கிற சின்னச் சில்லு தானாகவே மூன்று தடவை மின்னவைக்கும், ஒரு இடைவெளி விடும், மறுபடியும் மூன்று. சார்ஜ் போடச் சொல்லும் எச்சரிக்கை அது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. அமுக்கினாலும் எரியாது. கையில் எடுத்துச் சுற்றினாலும் தொடர்ந்து எரிந்தால்தானே வட்டம் தெரியும்? தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்று புள்ளிதான் தெரியும்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். அன்று கரைக்குத் தெரிந்தது அப்பா காட்டிய வெளிச்சம் அல்ல என்று நினைக்கிறேன். அவர் என்ன காட்ட முயன்றார் என்று எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. அவர் ‘வா’ என்று பதில் காட்டிக்கொண்டு நின்றதை நினைத்துப் பார். மரத்தைத் தள்ளப் போனவர்கள் நின்றதை நினைத்துப் பார். வேண்டாம்.

டார்ச்சை அணைக்க ஒரே வழி உடைப்பதுதான். பின்பக்கம் ஒட்டியிருக்கிற தாளைக் கிழித்தால் நான்கு திருகு இருக்கும். சாதாரணத் திருப்புளி அவற்றுக்குச் சேராது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சுத்தியலால் ஓரத்தில் தட்டு. உள்ளே பேட்டரியிலிருந்து சிவப்புக் கம்பி ஒன்று வரும். அதை வெட்டிவிட்டால் முடிந்தது. பெரியவர் யாரையாவது வைத்துச் செய்.

என் மேஜையில் வைத்தது மூன்றாம் நாளே நின்றுவிட்டது. நீ சரியாகத்தான் ஊகித்திருக்கிறாய்.

தாணுலிங்கம்


24.10.2012

மதிப்பிற்குரிய சார்,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் சொன்னேன். அப்பா வருவதாகச் சொல்லவே இல்லை என்று தெரிந்தால் அம்மா காத்திருப்பதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன்.

அம்மா அழவில்லை. கடைசிவரை கேட்டாள்.

“எனக்கு அறியாம் மக்கா, முன்னமே தெரியும்” என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அண்ணைக்கு ரெண்டாவது தடவ வந்தப்பவே இது அவரு காட்டுதது இல்லன்னு பட்டது. மூணும் ஒரே அளவில வந்தது, தையல் மிஷின் அடிக்க மாதிரி. அப்பாக்க வெளிச்சம் அப்பிடி வராது. அவருக்குப் பெருவிரல் மடங்காதுல்லா, தூண்டில் கயிறு அறுத்தது. ரெண்டு பட்டுபட்டுன்னு வரும். மூணாவதுக்கு விரல எடுத்து வைக்கணும். ஒரு மூச்சு விட்டுத்தான் வரும். இத்தன வருசம் கரையில நிண்ணு பாத்தவளுக்குத் தெரியாதா? எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.”

பிறகு சொன்னாள்: “இப்ப வாறது அப்பிடி இல்ல. நீ மூணுன்னு எண்ணுத. எப்பிடி வருதுன்னு பாத்தியா?”

நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். மூன்று என்று எண்ணியதோடு நிறுத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு சேர்ந்து வந்தது. பிறகு நான் ஒரு மூச்சு விட்டேன். அதன் பிறகு மூன்றாவது வந்தது. மறுபடியும் அப்படியே. மறுபடியும் அப்படியே. சில்லு இப்படி மாற்றி மின்னவைக்குமா, சார்? தெரிந்தால் சொல்லுங்கள்.

மறுநாள் ஞானதாசன் மாமா சுத்தியலும் கட்டிங் பிளேயரும் கொண்டுவந்தார். அம்மா தடுக்கவில்லை. “உடச்சுப் பாருங்க” என்றாள். நீங்கள் எழுதியபடியே தட்டித் திறந்தோம். உள்ளே களிம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. சிவப்புக் கம்பி இருந்தது. மாமா அதை வெட்டினார். சந்தேகத்துக்குக் கறுப்புக் கம்பியையும் வெட்டினார். பேட்டரியைத் தனியாக எடுத்து என் கையில் தந்தார். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. அதைக் கொண்டுபோய் எங்கள் கிணற்றடியில் புதைத்தேன்.

அன்று சாயங்காலமும் வந்தது. இரண்டு. பிறகு ஒன்று.

மாமா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அம்மா தகர டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அவளுடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “விடு மக்கா. நான் ‘வா’ன்னு சொல்லாம அவரு எப்பிடி உள்ள வருவாரு?” என்றாள்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெமி


29.10.2012
ஸ்பீட் போஸ்ட்

அன்புள்ள ஜெமி,

சில்லு அப்படி மாற்றி மின்னவைக்காது. பேட்டரி இல்லாமல் எதுவும் எரியாது. இந்த இரண்டுக்கும் மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. உன் கடிதத்தை இங்கே யாரிடமும் காட்டவில்லை. என் மேஜையில் இருந்த டார்ச்சைக் கிடங்கில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டேன்.

‘வருகிறேன்’ என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு, ‘வா’ என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரையைத் தெரியாதவன் கேட்கிறேன், தவறாக இருந்தால் விட்டுவிடு. கரையிலிருந்து ‘வராதே’ என்று சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லையா?

தாணுலிங்கம்


3.11.2012

மதிப்பிற்குரிய தாணுலிங்கம் சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. நேற்று கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கழுவக் கல்லறை இல்லாததால் அம்மா வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் உங்கள் கேள்வியை வாசித்தேன்.

அம்மாவின் கத்தி நின்றது.

“உண்டு” என்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “அலை பொல்லாததா இருந்தா கரையில ஒரு வெளிச்சமும் இருக்கப்படாது. எல்லா வீட்டிலயும் அணைச்சிருவாவ. கரை இருட்டா கெடக்கதப் பாத்தா இங்ஙன எறங்கக் கூடாதுன்னு வெளிய நிக்கவன் தெரிஞ்சுக்குவான். நேரா மேற்க, முட்டம் கரைக்கு விட்டிருவான். இந்த வருசம் கரண்டு போயிப் போயி எந்நேரமும் இருட்டுத்தான். அந்த அடையாளத்துக்கே அர்த்தமில்லாமப் போச்சு.”

இத்தனை நாளும் அப்பாவுக்கு ஏன் அதைக் காட்டவில்லை என்று கேட்டேன்.

“அவரு வாறேன்னு சொல்லுதாரு. நான் வா வான்னு சொல்லிட்டே நிக்கேன். பொறவு எப்பிடிப் போவாரு?” அதைச் சொன்னபோதுதான் அம்மா அழுதாள். அப்பா காணாமல் போன பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் கரண்ட் இருந்தது. கடலைப் பார்த்த வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டாள்.

“என்னட்டி குளோரி, அதிசயமா கரண்டு இருக்கு. அதும் பொறுக்கலியா ஒனக்கு?” என்றாள் வேளாங்கண்ணி மாமி. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அவளே எங்களோடு மற்ற வீடுகளுக்கும் வந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ராஜமணி ஒத்துக்கொள்ளவில்லை. “ஆத்துமாக்களுக்கு வச்ச திரி பிள்ளே. அத ஊதி அணைக்கலாமா?”

“எல்லாரும் ஒங்க ஒங்க ஆளுக்கு வெளிச்சம் வச்சிட்டிய அண்ணே” என்றாள் அம்மா. “எனக்க ஆளுக்கு நான் இருட்டுதான் வைக்கணும்.”

அவர் குனிந்து, தன் மனைவியின் கல்லறையில் இருந்த திரியை விரலால் அமுக்கி அணைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள்.

நானும் அம்மாவும் மணலில் போய் உட்கார்ந்தோம். உடைந்த மஞ்சள் டார்ச் என் மடியில் இருந்தது. தகர டார்ச் அம்மாவின் கையில் இருந்தது. கரை முழுக்க இருட்டு. பின்னால் ஆட்கள் நிற்பது மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

மடியில் வந்தது. இரண்டு. பிறகு ஒன்று.

அம்மாவின் பெருவிரல் தகர டார்ச்சின் பொத்தான்மேல் இருந்தது. அம்மா டார்ச்சைத் திருப்பிப் பின்மூடியைத் திருகினாள். ஒவ்வொரு செல்லாக வெளியே எடுத்து என் கையில் வைத்தாள். “ஆசையில விரல் அமுத்தினாலும் எரியப்படாது” என்றாள். செல்கள் அவள் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன.

மறுபடியும் வந்தது. யாரும் பதில் காட்டவில்லை. எனக்கு அந்த செல்களைத் திரும்பப் போட்டு, ஒரே ஒரு தடவை, நீளமாகக் காட்ட வேண்டும் போல இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். செல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை இரண்டு மட்டும் வந்தது. நான் மூச்சு விட்டேன். மறுபடியும் விட்டேன். அந்தக் கடைசி ஒன்று வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம்.

“மேற்க போயிட்டாரு” என்றாள் அம்மா. எழுந்து சேலையில் இருந்த மணலைத் தட்டினாள். அவள் கால் நனையவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பூசை வைக்கச் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் டார்ச்சை உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் அதற்கு ஓர் இடம் தருவதாக உபதேசியார் சொல்லியிருக்கிறார்.

கரையிலிருந்து நாங்கள் ஏறி வந்த பிறகு ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கு போட்டார்கள். நாங்களும் போட்டோம். மீன் குழம்பு சூடாக்கிச் சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். பிறகு கடலைப் பார்த்த கதவைச் சாத்திவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டோம்.

ஜெமி